ஹவானாவின் மணமும் நம்மவர் மூக்கும்

கியூபச் சுருட்டின் பெருமை பேசும் கட்டுரைகள் தமிழிலும் பெருகிவிட்டன. எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பு, விரலால் அழுத்தினால் அமுங்கி மீளும் மென்மை, கோப்பி, கொக்கோ, மிளகு எனப் படிப்படியாக விரியும் சுவை என்று வருணிக்கிறார்கள். வருணிக்கட்டும். வுயெல்டா அபாஹோ மண்ணில் விளையும் இலைக்கு அப்புகழ் தகும். 1962 பெப்ரவரியில் கியூபா மீதான வர்த்தகத் தடையில் கையொப்பமிடுமுன், ஜனாதிபதி கென்னடி தமக்கென 1,200 கியூபச் சுருட்டுகளைத் தேடி வாங்கச் செய்தார் என்பதை அவருடைய ஊடகச் செயலாளர் பியர் சாலிஞ்சரே பதிவு செய்திருக்கிறார்.

எனது கேள்வி வேறு. சொறிக்கல்முனை வயல் வரம்பில் ஒரு முதியவர் யாழ்ப்பாணச் சுருட்டைப் பற்றவைத்தால் மூக்கைப் பொத்தும் அதே கனவான்கள், கொழும்பு ஹோட்டலில் ஹவானாப் புகைக்கு மட்டும் நறுமணம் எனப் பெயர் சூட்டுவது எந்த நியாயம்?

ஆங்கிலேயன் வாயில் நுழைந்த 'செரூட்' நம்முடைய 'சுருட்டு' என்ற சொல்தான். 1887இல் வெளியான ஷெர்லக் ஹோம்ஸின் முதற் கதையிலேயே துப்பறிவாளர் சாம்பலைக் கொண்டு அடையாளம் காண்பது திருச்சிராப்பள்ளிச் சுருட்டை. உலகம் அறிந்த பெயர்தான், நமக்குத்தான் கூச்சம்.

ஹவானாவின் தொழிற்சாலைகளில் சுருட்டுவோருக்குப் பத்திரிகையும் நாவலும் உரக்க வாசித்துக் காட்டும் வழக்கம் 1865இல் தொடங்கியது. கியூபா அதைத் தன் பண்பாட்டுச் செல்வமாகப் போற்றுகிறது. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் ஒருவர் பத்திரிகை வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே இலை சுருட்டினார்கள். எழுத்தறியாத தொழிலாளியிடமும் நாட்டு நடப்பு போய்ச் சேர்ந்த வழி அது. பத்திரிகையே என் பிழைப்பு என்பதால் இதைச் சாதாரணமாகக் கடக்க என்னால் இயலவில்லை. அந்த வாசிப்பாளருக்கு நாம் எங்கே ஒரு நினைவுக்கல் நாட்டினோம்?

புகைத்தலுக்கு வக்காலத்து வாங்குவதாக எவரும் பாய வேண்டாம். இரண்டு புகையும் வாயையும் தொண்டையையும் அரிப்பவையே. புற்றுநோய்க்கு விலைப்பட்டியல் வாசிக்கத் தெரியாது. மூடிய பொது இடங்களில் புகைத்தலைத் தடுக்கும் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டமும் ஹவானாவுக்கு விலக்களிக்கவில்லை.

ஆகவே, கண்டிப்பதானால் இரண்டையும் கண்டியுங்கள். கைவினை என்று வியப்பதானால் இரண்டையும் வியந்து எழுதுங்கள். பணக்காரன் ஊதினால் இரசனை, பாட்டாளி ஊதினால் நாற்றம் என்னும் தீர்ப்பை வழங்குவது மூக்கு அன்று. அதற்குப் பின்னால் இருக்கும் மேட்டிமைப் புத்தி.