இயந்திரமும் இல்லத்து ரொட்டியும்

மாவைக் கையாற் பிசையாது இயந்திரத்திலிட்டுச் சுட்ட ரொட்டியை வீட்டு ரொட்டி எனலாகாதென்பர் சிலர். யாம் அதனை ஒப்போம். 1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பார் மின்சார ஆட்டுரலை ஆக்கிய பின்னர், அதில் அரைத்த மாவால் அவித்த இட்டலியை வீட்டு இட்டலியன்றென்று விலக்கினார் உளரோ? தாய்மாரின் தோள்நோவன்றோ குறைந்தது!

ஆயினும், 1980-களில் ஜப்பான் தேயத்தில் விற்பனைக்கு வந்த இந்த ரொட்டி இயந்திரம் நாழிகைக் கணக்கொன்றே அறியும். எமது செஞ்சியின் கற்குன்றுகள் வெப்பங் கக்கும் சித்திரைத் திங்களை அறியாது. வெப்பம் மிகின் ஈஸ்ட் விரைந்து வேலைசெய்ய, மாவு அளவிறந்து பொங்கிச் சுடுமுன்னரே அமுங்கிப்போம். அந்நாளில் குளிர்ந்த நீரை வார்த்து, ஈஸ்டையும் சிறிது குறைத்தல் வேண்டும். பிசையும்போது மூடியைத் திறந்து விரலால் தொட்டுப் பார்த்தல் எம் வழக்கம். ஒட்டினால் ஒரு கரண்டி மாவு சேர்ப்போம்.