காத்திருத்தல் அறமாகாது

“மூளையின் ஆற்றல் பிறப்பிலேயே முடிந்த காரியம்” என்பர் ஒரு சாரார். “பிறந்த மூளை வெறும் பலகை, உலகமே அதில் எழுதுகின்றது” என்பர் மறு சாரார். எலிக்குட்டியின் செவியைப் பற்றிய ஆய்வுகளின் முன் இவ்விரு கூற்றுக்களும் நில்லா.

எலிக்குட்டி கேட்கும் ஆற்றலின்றியே பிறக்கின்றது. செவித்துளை திறந்து அது வெளியொலியைக் கேட்கத் தொடங்குவது ஏறத்தாழ 12ஆம் நாளிலாகும். அதுவரை மூளையின் கேள்வி மையங்கள் வாளாவிருக்கின்றனவா? இல்லை. உட்செவியின் நத்தைச்சுருளிலுள்ள துணைக்கலங்கள் ஏ.ரி.பி. என்னும் பொருளை வெளிவிட்டு மயிர்க்கலங்களைத் தூண்டுகின்றன. அத்தூண்டல் செவிநரம்பு வழியே செல்கின்றது. 2007இல் வெளிவந்த ஆய்வொன்று இதனை நிறுவிற்று. ஒலி எட்டாத காலத்திலேயே செவி மூளையோடு பேசத் தொடங்கிவிடுகின்றது. ஆகவே, அம்மூளை வெறும் பலகையன்று.

முடிந்த காரியமுமன்று என்பதற்குச் சமநிலைப் புலனே சான்று. 1998இல் கொலம்பியா விண்ணோடத்தில், 14 நாள் வயதுடைய எலிக்குட்டிகள் 16 நாட்கள் எடையற்ற நிலையில் வளர்ந்தன. பூமிக்கு மீண்ட பின், மல்லாந்து கிடந்து புரண்டெழும் அவற்றின் முறை, பூமியில் வளர்ந்த எலிகளின் முறையினின்றும் வேறுபட்டிருந்தது. பிறப்பு வகுத்த திட்டமும் உரிய பருவத்தில் உரிய அனுபவத்தை வேண்டி நிற்கின்றது.

“எலி வேறு, மனிதன் வேறு” என்று இதனை ஒதுக்குவோர் உளர். வேறுபாடு உண்மையே; மனிதக் குழந்தை கருப்பையிலிருக்கும்போதே கேட்கத் தொடங்கிவிடுகின்றது. ஆயின், இவ்வேறுபாடு அவர்தம் வாதத்திற்குத் துணைபோவதில்லை. கேளாமையுடன் பிறக்கும் மனிதக் குழந்தை, பிறக்கும்போதே சில வாரக் கேள்வி அனுபவத்தை இழந்துவிட்டது. அதன் பின்னரும் “வளர வளரப் பேசும்” என ஆண்டுக்கணக்கிற் காத்திருப்பது எவ்வகையில் நியாயம்?

முதல் மாதத்திற்குள் செவிப் பரிசோதனை, மூன்றாம் மாதத்திற்குள் குறையை உறுதிசெய்தல், ஆறாம் மாதத்திற்குள் உதவி என்பது மருத்துவ உலகம் வகுத்துள்ள நெறி. அவ்வுதவி செவிப்புலக் கருவியாகலாம், சைகை மொழியாகலாம். எதுவாயினும் பருவத்தே வருதல் வேண்டும். அறியாது காத்திருந்த பெற்றோர் பழிக்குரியரல்லர். இவ்வுண்மையை அறிந்திருந்தும், எளிய பரிசோதனையொன்றை ஏழைக் குழந்தையின் தொட்டில்வரை கொண்டுசெல்லாத சமூகமே பழிக்குரியது.