சாய்வும் நிழலும்

வேகம், உற்சாகம், இளமை ஆகியவற்றைத் தலைப்பில் காட்ட வேண்டுமென்றால் நம் வடிவமைப்பாளர்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எழுத்தை வலப்பக்கம் சாய்ப்பார்கள். அதன் அடியில் கனத்த நிழல் ஒன்றை இடுவார்கள். திரைப்படத் தலைப்பு, விளையாட்டு அணியின் சின்னம், துணிக்கடை விளம்பரம் என எங்கும் இதே கோலம். இவ்வலங்காரத்தின் மேல் எனக்கு வெறுப்பில்லை. தலைப்பெழுத்து உரத்துப் பேசலாம். ஆனால், தமிழெழுத்தை அதற்கு உட்படுத்தும் முறையை என்னால் ஏற்க இயலவில்லை.

ரோமன் எழுத்துக்குச் சாய்வு கையெழுத்திலிருந்து வந்தது. 1501இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூசியஸ், வர்ஜிலின் கவிதைகளைச் சாய்வெழுத்தில் அச்சிட்டார். அவ்வெழுத்துகளை வெட்டிய பிரான்செஸ்கோ கிரிஃபோ, நிமிர்ந்த எழுத்தைப் பிடித்துச் சாய்க்கவில்லை. விரைந்தெழுதும் கையின் போக்கைப் பின்பற்றிப் புதிதாகவே வெட்டினார். நாமோ, நிமிர்ந்த எழுத்துருவைக் கணினியில் ஒரு பொத்தானால் சாய்த்துவிட்டு, வேகம் வந்துவிட்டதென்று நம்புகிறோம்.

வளையம் ஒன்றை இவ்வாறு சாய்த்தால், ஒரு மூலைவாட்டில் அதன் கோடு மெலியும். மறு மூலைவாட்டில் தடிக்கும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் பாதிக்கு மேற்பட்டவை நேர்கோடுகளால் மட்டுமே ஆனவை. ஆதலால் அங்கே இக்கோணல் அவ்வளவாகக் கண்ணை உறுத்துவதில்லை. ஓலையில் எழுத்தாணி வளைத்து வளர்த்த சுழிகளே தமிழெழுத்தின் உடல். இங்கே கோணல் பெரும்பாலான எழுத்துகளில் தெரியும். மேலும், இகர ஈகாரக் குறிகள் எழுத்தின் வலத்தோளில் ஏறி வளைபவை. வலப்பக்கம் சாய்த்தால் அவை அடுத்த எழுத்தின்மேல் போய் முட்டும். முட்டாதிருக்க எழுத்துகளை விலக்கி வைத்தால் சொல் சிதறிப்போகும். தேடிய வேகமும் போய்விடும்.

நிழல் செய்யும் கேடு இதனினும் பெரிது. அது சுழிகளின் உள்வெளியை அடைத்துவிடுகிறது. மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் கலங்கினால் மணமும் மனமும் ஒன்றாகிவிடும். பணிக்கும் பனிக்கும் வேறுபாடு இராது. புள்ளி நிழலுக்குள் மூழ்கினால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். ஏடுகளில் புள்ளியிடாமல் எழுதிய வழக்கத்தால் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். அச்சு வந்தபின் நிலைபெற்ற புள்ளியை ஓர் ஒப்பனைக்காக மீண்டும் இழக்க வேண்டுமா?

'அலங்காரத்தில் இலக்கணம் பார்ப்பதா?' என்று சிலர் கேட்கக்கூடும். ஃப்ளெக்ஸ் பதாகைகள் வருமுன் சுவரிலும் தகரத்திலும் எழுதிய ஓவியர்களைத்தான் அதற்கு விடையாகக் காட்டுவேன். அவர்களும் எழுத்தைச் சாய்த்தார்கள், நிழலும் இட்டார்கள். ஆனால், கைதேர்ந்தவர்கள் எழுத்துக்கும் நிழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விட்டார்கள். ஒளி ஒரே திசையிலிருந்து விழுவதாகக் கொண்டு நிழலை வரைந்தார்கள். இடம் நெருக்கினால் சுழியை அகட்டவும் குறியைச் சுருக்கவும் அவர்கள் கைக்குத் தெரியும். பொத்தானுக்கு அது தெரியாது.

எனவே, தமிழுக்கென்றே வரைந்த சாய்வெழுத்துருக்கள் வேண்டும். அவற்றில் சுழிகள் திறந்திருக்க வேண்டும். குறிகள் சாய்வுக்கேற்ப மாற்றி வரையப்பட வேண்டும். புள்ளி நிழலுக்கு வெளியே நிற்க வேண்டும். அத்தகைய எழுத்துரு கைக்குக் கிடைக்கும்வரை, தலைப்பை நிமிர்ந்த எழுத்திலேயே விட்டுவைப்பது நல்லது. நூல் அட்டைகளை வடிவமைப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்.