வெர்னியர் பேசிய கதை

கோவையில் ஒரு லேத் பட்டறை. என் அக்கா பையன் அங்கே கியூ.சி. இன்ஸ்பெக்டர். பதவி பெரிதாகக் கேட்டாலும் வேலை இதுதான்: ஷாஃப்ட்டை எடு, டிஜிட்டல் வெர்னியரில் அள, நோட்டில் எழுது. ஒரு நாளைக்கு 400 தடவை. முந்நூறைத் தாண்டியதும் 12.03 என்பது 12.30 ஆகிவிடும். அப்புறம் முதலாளியிடம் அர்ச்சனை.

"ஏன் மாமா, வெர்னியர்லயே நம்பர் தெரியுதுங்களே. அதையே கம்ப்யூட்டருக்கு அனுப்ப முடியாதுங்களா?"

முடியும். பல மலிவு விலை வெர்னியர்களில் டிஸ்ப்ளே அருகே சின்னதாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். நகர்த்தினால் உள்ளே நாலு செப்புப் பட்டைகள். இரண்டு பேட்டரிக்கு. மூன்றாவதில் தாளம், அதாவது க்ளாக். நாலாவதில் பாட்டு, அதாவது டேட்டா. பாட்டுக்கு என்ன அர்த்தம்? பெட்டியோடு வந்த காகிதத்தில் ஒரு வரி கூடக் கிடையாது.

இதைக் கண்டுபிடிப்பதற்கு 'ரிவர்ஸ் இன்ஜினீயரிங்' என்று பெயர். மிரள வேண்டாம். பாஷை தெரியாத ஊரில் நாம் செய்வதுதான். வாழைப்பழத்தைக் காட்டிக் கடைக்காரர் என்ன சொல்கிறார் என்று கேட்கிறோமில்லையா, அதே.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். வெர்னியரின் பேட்டரி ஒன்றரை வோல்ட். எங்கள் ஆர்டுயினோ போர்டுக்கோ 5 வோல்ட். வெர்னியர் கிசுகிசுத்தது போர்டின் காதில் விழவில்லை. நடுவில் இரண்டு டிரான்ஸிஸ்டர் வைத்தோம், விழுந்தது. ஒவ்வொரு தடவையும் 24 பிட். தாடையை மூடி ஸீரோ வைத்தால் எல்லாம் 0 வர வேண்டும். எல்லாமே 1!

"கெட்டுப் போச்சுங்களா மாமா?"

இல்லை. நாங்கள் டிரான்ஸிஸ்டரை இணைத்த விதத்தில் அது 'ஆமாம்' என்றால் 'இல்லை' என்று சொல்கிற ரகம். புரோகிராமில் திருப்பிப் போட்டோம்.

அடுத்து ஒரு தந்திரம். தாடையைச் சரியாக 10.24 மில்லிமீட்டரில் நிறுத்தச் சொன்னேன். ஏன் 10.24? வெர்னியர் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டராக எண்ணினால் அது 1024. இரண்டைப் பத்து தடவை பெருக்கினால் வரும் எண். ஆகவே 24 பிட்டில் ஒன்றே ஒன்றுதான் 1 ஆக வேண்டும். வந்தது, பதினோராவது இடத்தில். 5.12-க்கு நகர்த்தினோம். பத்தாவது இடத்துக்கு வந்தது. புரிந்துவிட்டது: சின்ன இலக்கம் முதலில், பெரியது பின்னால்.

தாடையைத் திறந்து வைத்து ஸீரோ அமுக்கி, பிறகு மூடினோம். 21-வது பிட் 1 ஆனது. அது மைனஸ். இன்ச் பட்டனை அமுக்கினோம். 24-வது பிட் விழித்துக்கொண்டது. முடிந்தது கதை. எல்லா வெர்னியரும் இதே பாஷை பேசாது. ஆனால் கற்கும் வழி ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே.

திங்கட்கிழமை முதல் காலால் ஒரு ஸ்விட்ச்சை மிதித்தால் போதும், அளவு நேராகக் கம்ப்யூட்டரில். மாப்பிள்ளை முகத்தில் தேஜஸ்.

ஒரு வாரம் கழித்து ராத்திரி போன். குரலில் சுரத்தில்லை.

"மாமா, ஷாஃப்ட் 11.90-லருந்து 12.10-க்குள்ள இருக்கோணும். இப்ப சாயங்காலமானா 12.12, 12.13 வருதுங்க. முன்னெல்லாம் வந்ததே இல்லையேன்னு முதலாளி கேக்கறார்."

"முன்னாடி ஏன் வரலை?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "வந்துச்சுங்க. கை ஓஞ்சு போனா 12.10-னு எழுதிருவேன்."

நோட்டுக்கு இரக்கம் உண்டு. கம்பிக்குக் கிடையாது.

"நாளைக்குக் காலையில நீயே போய்ச் சொல்லிடு" என்றேன். "கிராஃபையும் எடுத்துட்டுப் போ."

போனான். கிராஃபில் அளவு காலையிலிருந்து மெல்ல ஏறிக்கொண்டே போயிருந்தது. லேத்தில் டூல் தேயத் தேய ஷாஃப்ட் தடிக்கும். மத்தியானமே டூலை மாற்றியிருந்தால் சாயங்காலம் பொய் எழுதத் தேவையே வந்திருக்காது. முதலாளி அதை இரண்டு நிமிஷம் பார்த்தாராம். நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.

"இன்னும் மூணு வெர்னியர் இருக்குதல்ல? அதுகளையும் பேச வெச்சிரு."

இப்போது நாலு வெர்னியரும் பேசுகின்றன. மற்ற மூன்று இன்ஸ்பெக்டர்கள்தான் அவனோடு பேசுவதில்லை.