ஸ்கூட்டர் ஏன் இவ்வளவு பெற்றோல் குடிக்கிறது?



காங்கேசன்துறைப் பக்கம் மீளக் குடியேறிய குடும்பங்களைப் பார்க்கப் போனால் பெண்கள் சொல்லும் முறைப்பாடுகளில் இதுவும் ஒன்று: "ஸ்கூட்டர் முந்தி மாதிரி இல்லை, பெற்றோலைக் குடிச்சுத் தள்ளுது." தையலுக்கும் முன்பள்ளிக்கும் சந்தைக்கும் ஓடுகின்ற இந்த வண்டிகளில் பல பத்துப் பதினைந்து வருடம் பழையவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் பரவலாகத் திறந்தது. அதுவரை பழசையே கட்டியிழுத்தோம். நாளுக்கு அரை லீற்றர் வீணானால் மாதம் 15 லீற்றர். அது பிள்ளையின் ரியூசன் காசு.

2022 இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று பங்கிட்டபோது, அதிகம் குடிக்கிற வண்டி வைத்திருந்தவர்கள் வாரக் கடைசியில் நடந்தார்கள்.

முதலில் கணக்கு. தாங்கியை வாய்வரை நிரப்பிக் கிலோமீற்றரைக் குறியுங்கள். சில நாள் ஓடியபின் திரும்ப அதேயளவுக்கு நிரப்புங்கள். 120 கிலோமீற்றர் ஓடி 4 லீற்றர் பிடித்தால் லீற்றருக்கு 30. மீற்றர் வேலை செய்யாவிட்டால், காங்கேசன்துறையிலிருந்து யாழ் நகரம் ஏறத்தாழ 18 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். (இரவில் தம்பிமார் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார்களா என்பதையும் ஒருதரம் பாருங்கள்.)

அரிக்கன் லாம்பின் திரியை அளவுக்கு மேல் உயர்த்தினால் சிமினி கறுக்கிறதல்லவா? எஞ்சினிலும் அதுதான். நிறையளவில் ஒரு பங்கு பெற்றோல் சரியாக எரிய ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். காற்றுக் குறைந்தாலோ பெற்றோல் கூடினாலோ அரைகுறையாக எரிந்து கரியாகும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில், சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளின் புகையையும் மணத்தையும் நம் அம்மாமார் மறந்திருக்க மாட்டார்கள். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல இலகுவில் ஆவியாவதில்லை. அதனால் வந்த கரி அது.

எஞ்சின் ஆறியபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி இளம் மண்ணிறமாக இருந்தால் கலவை சரி. அப்போது குறை வேறெங்கோ: ரயரில் காற்றுக் குறைவாக இருக்கலாம், பிறேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஸ்ராண்டில் நிறுத்திச் சில்லைக் கையால் சுழற்றினால் தெரியும். நுனியில் உலர்ந்த கறுப்புக் கரி படிந்திருந்தால் பெற்றோல் கூடிப்போகிறது. எண்ணெய்ப் பசையாக ஈரமாக இருந்து, நீலப் புகையும் வந்தால் எஞ்சின் ஓயில் எரிகிறது. அதுதான் செலவான நோய். கறுப்புப் புகைக்கும் "எஞ்சின் செய்யவேணும்" என்று ஒரு கராஜில் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்.

கரி என்றால் மலிவானதிலிருந்து தொடங்குங்கள். எயார் பில்டர் தூசியில் அடைத்திருக்கும். கடதாசிப் பில்டரைக் கழுவக்கூடாது, மாற்றவேண்டும். பில்டரே இல்லாமல் ஓடுவது மணலை எஞ்சினுக்குள் போடுகிற வேலை. அடுத்தது சோக். கையால் இழுக்கும் சோக் உள்ள வண்டிகளில், நம் கரையோர உப்புக்காற்றில் கேபிள் துருப்பிடித்து இறுகிவிடும். பிடியைத் தள்ளியிருப்போம், உள்ளே சோக் திரும்பியிராது.

இவை இரண்டும் சரியென்றால் காபரேற்றர். அதிலுள்ள சிறு மிதவை, கிணற்றடித் தண்ணீர்த் தொட்டியின் போல் வால்வைப்போல, பெற்றோல் நிரம்பியதும் வழியை அடைக்கும். அதன் ஊசி தேய்ந்தாலோ தூசி சிக்கினாலோ பெற்றோல் நிற்காமல் வரும். வெளியே சொட்டலாம். உள்ளே இறங்கி எஞ்சின் ஓயிலோடும் கலக்கலாம். ஓயில் குச்சியில் பெற்றோல் மணத்தால் வண்டியை ஓட்டாதீர்கள். நீர்த்த ஓயில் எஞ்சினைத் தேய்த்துவிடும்.

நம்மில் பலர் களவுக்குப் பயந்து இரவில் ஸ்கூட்டரை விறாந்தையில், சில வீடுகளில் குசினிக்குப் பக்கத்திலேயே விடுகிறோம். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. தரையோடு படர்ந்து அடுப்படிவரை போகும். மணம் வந்தால் பூட்டுக்கு முதல் நெருப்பை யோசியுங்கள். வண்டியை வெளியே விடுங்கள், திறப்பு இருந்தால் அதையும் மூடுங்கள்.

காபரேற்றரைத் துப்பரவாக்கும்போது ஜெற் துவாரத்தைக் கம்பியால் குத்த விடாதீர்கள். துவாரம் பெருத்து இன்னும் கூடக் குடிக்கும். காற்றடித்துச் சுத்தம் செய்யலாம், தேய்ந்திருந்தால் புதிது போடலாம். கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். ஒரு கிழமை ஓடியபின் பிளக்கைத் திரும்பவும் பாருங்கள்.