யாருக்கு டயாலிசிஸ்? டாக்டர் ஸ்க்ரிப்னரை விடாத கேள்வி

வாரத்துக்கு 3 முறை டயாலிசிஸ் செய்துகொண்டு, மீதி நாள்களில் வேலைக்கும் போய்வருபவர்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள். 1960-க்கு முன்பு உலகில் எங்குமே இது சாத்தியமில்லை. இதை மாற்றியவர், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த டாக்டர் பெல்டிங் ஸ்க்ரிப்னர். பேர் கேள்விப்பட்டதில்லையா? நிறைய பேர் கேள்விப்பட்டதில்லை.

டயாலிசிஸ் மெஷினைக் கண்டுபிடித்தவர் இவர் அல்ல. அது இரண்டாம் உலகப்போர் காலத்தில் நெதர்லாந்து மருத்துவர் வில்லெம் கோல்ஃப் உருவாக்கியது. சிக்கல் என்னன்னா, ஒவ்வொரு முறையும் ரத்தக்குழாயை வெட்டித் திறக்கணும். முடிந்ததும் அந்த இடம் மறுபடி உதவாது. சில தடவைகளிலேயே கை, கால்களில் இடம் தீர்ந்துவிடும். அதனால், சிறுநீரகம் தற்காலிகமாகப் பழுதானவர்களுக்குத்தான் மெஷின். நிரந்தரமாகச் செயலிழந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், சாவதற்கு.

அப்படி ஒருவரை அனுப்ப வேண்டிவந்தது ஸ்க்ரிப்னரை உறுத்திக்கொண்டே இருந்தது. அவருக்குத் தோன்றிய யோசனை எளிமையானது. கையில் தமனியில் ஒரு குழாய், சிரையில் ஒரு குழாய். டயாலிசிஸ் இல்லாத நேரத்தில் இரண்டையும் வெளியே ‘யு’ வடிவக் குழாயால் இணைத்துவிட்டால், ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். குழாய் டெஃப்லானில் ஆனது. தோசைக்கல்லில் மாவு ஒட்டாமல் இருக்கப் பூசுகிறார்களே, அதேதான். பொறியாளர் வேய்ன் குவின்டன் அதைச் செய்து கொடுத்தார். 1960 மார்ச் 9 அன்று, போயிங் ஆலைத் தொழிலாளி கிளைட் ஷீல்ட்ஸுக்குப் பொருத்தினார்கள். அவர் அதன்பிறகு 11 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். 1966-க்குப் பிறகு, கை ரத்தக்குழாய்களையே இணைக்கும் ஃபிஸ்துலா முறை வந்து, இந்தக் குழாயின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஸ்க்ரிப்னரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இங்கேயே முடித்துவிடுகிறார்கள். ஆனால், கஷ்டமான பகுதி இதற்கு அப்புறம்தான்.

1962-ல் சியாட்டிலில் டயாலிசிஸ் மையம் திறந்தது. படுக்கைகள் சில, செத்துக்கொண்டிருந்தவர்கள் பலர். ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கும் மேல் செலவு. யாரைச் சேர்ப்பது? மருத்துவர்கள் முதலில் வடிகட்ட, பெயர் வெளியிடப்படாத 7 பேர் குழு கடைசி முடிவெடுத்தது. வழக்கறிஞர், பாதிரியார், வங்கியாளர், இல்லத்தரசி என்று கலவையான குழு. வருமானம், எத்தனை பிள்ளைகள், என்ன படிப்பு, சமூகத்துக்கு என்ன பயன் என்றெல்லாம் பார்த்தார்கள். அதே ஆண்டு ‘லைஃப்’ இதழ் இதை எழுத, நாடே அதிர்ந்தது.

அந்தக் குழுவைக் கண்டிப்பது நியாயம்தான். சம்பளத்தைப் பார்த்தா உயிரை அளப்பது? அதேநேரம், மூடிய அறைக்குள் மருத்துவர் ஒருவரே எடுத்திருந்தால் இதே முடிவுகள் வெளியே தெரிந்தே இருக்காது என்பதும் உண்மை.

ஸ்க்ரிப்னர் ஒதுங்கிக்கொள்ளவில்லை. குழு நிராகரித்த ஒரு பள்ளி மாணவிக்காக, பொறியியல் பேராசிரியர் ஆல்பர்ட் பாப் குழுவினர் 1964-ல் வீட்டிலேயே இயங்கும் மெஷினைச் செய்தார்கள். ராத்திரி டயாலிசிஸ், காலையில் ஸ்கூல். வீட்டு டயாலிசிஸ் பரவுவதற்கு வழிபோட்டது இதுதான். அதே ஆண்டு, செயற்கை உறுப்பு ஆய்வாளர்கள் சங்கத்தின் தலைவர் உரையில் கருவியைப் பற்றிப் பேசாமல், அது கிளப்பிய அறச்சிக்கல்களைப் பேசினார்.

1972-ல் அமெரிக்க அரசு சட்டம் கொண்டுவந்தது. சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு, வயது எதுவானாலும், மெடிகேர் செலவை ஏற்கும். தேர்வுக் குழுக்களுக்கு வேலை இல்லாமல் போனது. ஆனால், அரசுப் பணம் உறுதி என்றதும் லாப நோக்கக் கம்பெனிகள் வந்தன. ஸ்க்ரிப்னர் அதைக் கடைசிவரை எதிர்த்தார். தன் குழாயை வைத்து அவர் பணம் பண்ணவில்லை.

2002-ல் லாஸ்கர் விருதை கோல்ஃபுடன் பகிர்ந்துகொண்டார். அடுத்த ஆண்டு, 82 வயதில் இறந்தார். இன்று அமெரிக்க டயாலிசிஸ் மையங்களில் பெரும்பகுதி இரண்டே கம்பெனிகளின் கையில் இருக்கிறது. சியாட்டிலில் 1962-ல் திறந்த அந்த மையம், லாப நோக்கமில்லாத அமைப்பாகவே இன்னும் நடக்கிறது.