அப்பாவுக்கு நான் தரலாமா?

குட்டீஸ்! கோர்ட்டுக்கு எதற்காகப் போவார்கள்? நிலத் தகராறு, பணத் தகராறு, திருட்டு வழக்கு... இப்படித்தானே சொல்வீர்கள்? கேரளாவில் பிளஸ் 2 படித்துக் கொண்டிருந்த 17 வயது அக்கா ஒருவர், 2022ல் ஐகோர்ட்டுக்குப் போன காரணமே வேறு. தன் கல்லீரலில் ஒரு பகுதியை அப்பாவுக்குக் கொடுக்க அனுமதி வேண்டும் என்று கேட்கத்தான் போனார்!

அவருடைய அப்பாவுக்கு நாள்பட்ட கல்லீரல் நோய், கூடவே புற்றுநோய். மாற்றுக் கல்லீரல் பொருத்தினால்தான் பிழைப்பார் என்ற நிலை. உறவினர்களிடம் தேடியும் பொருத்தமான கல்லீரல் கிடைக்கவில்லை. மகளுடையது பொருந்தியது. ஆனால், சட்டம் குறுக்கே நின்றது. உயிரோடு இருப்பவர் உறுப்பு தானம் செய்ய, 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். அக்காவுக்கோ அதற்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. நோய் அதுவரை காத்திருக்குமா?

பாசத்துக்குப் போய் சட்டம் தடை போடலாமா என்று கோபம் வருகிறதல்லவா? கொஞ்சம் பொறுங்கள். முதலில் கல்லீரலைப் பற்றித் தெரிந்து கொள்வோம்.

வெட்டினாலும் வளரும்!

வயிற்றின் வலது பக்கம், விலா எலும்புகளுக்கு அடியில் இருக்கிறது கல்லீரல். உடம்புக்குள் இருக்கும் உறுப்புகளில் இதுதான் பெரியது. பெரியவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ இருக்கும். கொழுப்பைச் செரிக்கப் பித்தநீர் சுரப்பது, சர்க்கரையைச் சேமித்து வைப்பது, காயம் பட்டால் ரத்தம் உறைய உதவும் புரதங்களைத் தயாரிப்பது, ரத்தத்தில் கலந்த நச்சுகளை நீக்குவது என்று இதற்கு ஓயாத வேலை!

சிறுநீரகம் பழுதானால், ரத்தத்தைச் சுத்தம் செய்ய டயாலிசிஸ் இயந்திரம் உண்டு. கல்லீரலின் எல்லா வேலைகளையும் நெடுநாள் செய்து தரும் இயந்திரம் கிடையாது. அதனால்தான், முற்றிலும் கெட்டுப் போனால் வேறு கல்லீரலைத் தேட வேண்டியிருக்கிறது.

ஆனால், கல்லீரலுக்கு ஓர் அதிசய குணம் உண்டு. ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும், மீதி இருப்பது சில மாதங்களில் கிட்டத்தட்ட பழைய அளவுக்கு வளர்ந்து விடும். அடுத்தவர் உடம்பில் பொருத்திய பகுதியும் வளரும்!

காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தைக்கு, 1998 நவம்பரில் டில்லியில் இப்படித்தான் அப்பாவின் கல்லீரலில் சிறு பகுதியைப் பொருத்தினர். இந்தியாவில் குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் கல்லீரல் மாற்று ஆபரேஷன் அது. அந்தக் குழந்தை வளர்ந்து என்ன ஆனார் தெரியுமா? டாக்டர்!

பிறகு ஏன் தடை?

அப்பா பிள்ளைக்குத் தரலாம் என்றால், பிள்ளை அப்பாவுக்குத் தரக் கூடாதா? 18 வயது ஆகிவிட்டால் தாராளமாகத் தரலாம். சிறுவர்களுக்கு மட்டும் தடை போடுவதற்குக் காரணம் இருக்கிறது.

தானம் தருபவர் நோயாளி அல்ல. நல்ல ஆரோக்கியத்துடன் இருப்பவர். அவர் வயிற்றைக் கிழித்துச் செய்யும் பெரிய ஆபரேஷன் இது. ரத்தக் கசிவு, பித்தநீர்க் கசிவு, கிருமித் தொற்று ஏற்படலாம். மிக அரிதாக உயிருக்கே ஆபத்து வரலாம்.

இன்னொரு விஷயமும் உண்டு. வீட்டில் எல்லாரும் உங்கள் முகத்தையே பார்த்தால், உங்களால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? பயத்தை மறைத்துக் கொண்டு தலையாட்டி விடுவீர்கள். அப்படி யாரும் சிக்கிக் கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வேலி.

உறுப்புகளை விலைக்கு விற்பதையும், வாங்குவதையும் 1994ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மீறினால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை; 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம்!

கோர்ட் என்ன செய்தது?

18 வயது ஆகாதவர் தானம் செய்ய, அசாதாரணமான மருத்துவக் காரணம் இருந்தால் மட்டும், அரசின் முன் அனுமதியோடு விதிவிலக்கு தரலாம் என்று 2014ம் ஆண்டு விதிகளில் சிறு வழி இருக்கிறது. கோர்ட் அவசரப்பட்டு, சரி என்று சொல்லி விடவில்லை. நிபுணர் குழு ஆராய்ந்தது. வேறு வழி உண்டா, விளைவுகளைப் புரிந்து கொண்டு தன் விருப்பப்படிதான் அந்த அக்கா கேட்கிறாரா என்றெல்லாம் பார்த்த பிறகே, 2022 டிசம்பரில் அனுமதி கிடைத்தது.

அக்காவும் சும்மா இருக்கவில்லை. சாப்பாட்டை மாற்றி, உடற்பயிற்சி செய்து, கல்லீரலை நல்ல நிலையில் வைத்துக் கொண்டார். 2023 பிப்ரவரியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

ஆனால், அந்த அனுமதி அவருடைய வழக்குக்கு மட்டும்தான். சட்டத்தில் வயது இன்றும் 18தான்.

எனவே, உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஒரு நோய் என்றால், நம்மால் கொடுக்க முடியவில்லையே என்று மனசுக்குள் குமைய வேண்டாம். அது உங்கள் தப்பு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதும், வேளைக்கு மருந்தை எடுத்துக் கொடுப்பதும் பெரிய உதவிதான். தானம் கொடுக்கத் தயங்கும் சித்தப்பாவையோ, அத்தையையோ பாசமில்லாதவர் என்று நினைத்து விடாதீர்கள். கொடுக்க எப்படி உரிமை உண்டோ, அப்படியே மறுக்கவும் உரிமை உண்டு.

மூளைச்சாவு அடைந்தவர்களின் குடும்பத்தார் முன்வந்தால், உயிரோடு இருப்பவர் தர வேண்டிய அவசியமே பலருக்கு வராது. அப்படி உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கை அரசு மரியாதையுடன் நடத்தும் வழக்கத்தை 2023ல் தமிழக அரசு தொடங்கியது.

சரி, இப்போது ஒரு கேள்வி. அந்த நீதிபதி நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் என்ன தீர்ப்பு சொல்லியிருப்பீர்கள்? இன்று இரவு சாப்பிடும்போது, அப்பா, அம்மாவிடம் பேசிப் பாருங்களேன்!